சுவருக்குள் இருநூற்றுப் பதினாறு வாட்

"என்னங்க இது? மழைக்கு ஒதுங்கினா வாசலோட நிக்க வேண்டியதுதானே! உள்ள வந்து சுவரை மோப்பம் பிடிக்கிறீங்க?"

வீட்டு முன்னறையையே கடையாக்கியிருந்த தையல்காரி அதட்டினாள். மறுநாள் கொடுத்தாக வேண்டிய நாற்பது பள்ளிச் சீருடைகள் மேசையில் குவிந்து கிடந்தன. இரண்டு இஸ்திரிப் பெட்டிகளும் கொதித்துக்கொண்டிருந்தன. இந்த நேரத்தில் முடியில் நீர் சொட்டச் சொட்ட, தோளில் ஒரு பையோடு எவனோ ஒருவன் நுழைந்தால் எரிச்சல் வராதா?

"தீயற வாடை வருதுங்க..."

"இஸ்திரி போடற இடத்துல பின்ன மல்லிகை வாசமா வரும்?"

"இது துணி வாடை இல்லீங்க, வயர் வாடை. நான் வயர்மேன்."

"நல்லவேளை சொன்னீங்க. நாயோன்னு நினைச்சுட்டேன்."

அவன் சிரித்துவிட்டான். இமை நுனியில் நின்ற ஒரு மழைத்துளி கன்னத்தில் உருண்டது... அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். என்ன கண்கள் இவனுக்கு!

ஆனால் அந்தக் கண்களில் சிரிப்பு நிலைக்கவில்லை.

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அக்கா குழந்தை... தொட்டில்ல தூங்குது. பிறந்து முப்பத்தஞ்சு நாள்தான் ஆச்சு."

அவன் பையிலிருந்து மீட்டரை எடுத்தான். இரண்டு பெட்டிகளும் ஓடும்போதே மெயின் பக்கம் அளந்தான். பிறகு பிளக் பக்கம் அளந்தான். வயரைக் கவ்வும் இன்னொரு மீட்டரில் கரண்டைப் பார்த்தான். துணி வெட்டும் மேசையில் கிடந்த சுண்ணக்கட்டியால் அங்கேயே எழுதினான்.

"மெயின்ல இருநூத்து முப்பது வோல்ட். இங்க வந்து சேர்றது இருநூத்துப் பன்னெண்டு. நடுவுல பதினெட்டு காணோம். கரண்ட் பன்னெண்டு ஆம்பியர். பதினெட்டைப் பன்னெண்டால வகுத்தா, வயரோட தடை ஒண்ணரை ஓம். நல்ல வயர்ல கால் ஓம்கூட இருக்காதுங்க."

"இருந்தா என்ன?"

"பதினெட்டைப் பன்னெண்டால பெருக்குங்க. இருநூத்துப் பதினாறு வாட். ரெண்டு பெரிய குண்டு பல்பை சுவருக்குள்ள எரியவிட்டு மூடி வெச்ச மாதிரி. எங்கியோ ஒரு ஜாயின்ட் லூஸாகி வெந்துட்டிருக்கு."

அவள் கையிலிருந்த சட்டை நழுவியது. அவன் மெயினை அணைத்தான்.

அப்போதுதான் அவள் அப்பா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். தச்சு வேலை செய்து ஓய்ந்தவர். இந்த வீட்டின் கதவு, ஜன்னல், வயரிங் எல்லாம் அவர் கைவண்ணம்.

"யாரு மெயினை அணைச்சது?"

வயர்மேன் பணிவாகச் சொன்னான். பாதி கேட்பதற்குள் அப்பாவின் முகம் சிவந்தது.

"பன்னெண்டு வருஷமா ஓடற வயரிங். நான் என் கையால போட்டது. மழைக்கு ஒதுங்கி வேலை பிடிக்கற தந்திரமெல்லாம் வேற இடத்துல வெச்சுக்கோ. கிளம்பு!"

"ஐயா, காசு வேணாம். சுவரை மட்டும் ஒரு தடவை..."

"கிளம்புன்னேன்!"

அவன் படியிறங்கினான். திரும்பி அவளை மட்டும் பார்த்தான். "ஒரு வீட்டுல இப்படித்தான் திட்டினாங்க... ரோஷப்பட்டு வந்துட்டேன். மறுநாள் அந்த ரூமே இல்ல. தயவுசெஞ்சு மெயினைப் போடாதீங்க."

மழை அவனை மறைத்துக்கொண்டது. அப்பா மெயினைப் போட்டார்.

"வேலையைப் பாரு."

பார்த்தாள்... பார்க்க முடியவில்லை. கணக்கு தப்பாக இருக்கக் கூடாதா என்ற நப்பாசையில் பதினெட்டையும் பன்னிரண்டையும் தானே பெருக்கிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினாறு. மறுபடியும் அதேதான். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. அப்பாவை எதிர்த்து இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலே இருந்துவிட்டால்...?

சுவிட்ச் பலகையின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது.

மெயினை அடித்து அணைத்தாள். பின்னறைக்கு ஓடிக் குழந்தையை வாரி எடுத்தாள். சமையலறையிலிருந்து அக்கா அலறிக்கொண்டு வந்தாள்.

"அப்பா! நீங்களே தொட்டுப் பாருங்க. இந்தக் குழந்தையவிட உங்க ரோஷம் பெரிசா?"

அப்பா தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உளியை எடுத்துத் தானே சுவரை உடைத்தார். உள்ளே ஜாயின்ட் கரிக்கட்டையாக இருந்தது. சுற்றியிருந்த டேப் சாம்பலாய் உதிர்ந்தது. தொட்டிலுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தத் தம்பி... போயிருக்குமா?"

அவள் மழையில் ஓடினாள். அதிக தூரம் ஓடவில்லை. எதிரே மூடியிருந்த கடை வாசலில், தொப்பலாக நனைந்து நின்றிருந்தான்.

"போகலையா நீங்க?"

"கால் வரலீங்க..."

மூன்று நாள் வேலை நடந்தது. பழைய வயரெல்லாம் உருவி எறிந்தான். அப்பா பக்கத்திலேயே நின்று ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் மாலை கடைசியாக அளந்தான். ஒரே ஒரு வோல்ட்தான் குறைந்தது.

"இனிமே பயம் வேண்டாம்," என்று பையைக் கட்டினான்.

"இருக்கே..."

"இன்னும் என்ன பயம்?"

அவள் தலை குனிந்தாள். புகையைப் பார்த்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"வேலை முடிஞ்சுபோச்சு... நாளைக்கு நீங்க வர மாட்டீங்களே... அந்த பயம்தான்."

அவன் கட்டிய பையைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு எதிர்க்கடை வாசல்ல நின்னது முதல்ல குழந்தைக்காகத்தான்... கொஞ்ச நேரத்துல எனக்கே தெரிஞ்சுபோச்சு, உங்களுக்கு ஒண்ணு ஆகிடுமோன்னுதான் உயிர் துடிக்குதுன்னு. நாளைக்கு வரேன். வயர் பார்க்க இல்ல... உங்க அப்பாவைப் பார்க்க."

"திட்டுவாரே..."

"திட்டட்டும். திரும்பிப் போக மாட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"வாங்க," என்றாள்.