பெயர் அழித்த தட்டு

பாட்டு மூன்று விநாடி நீண்டிருந்தது.

கடுகண்ணாவையில் மதலேனா டீச்சரின் முன்னறையில் போட்டுக் கேட்டபோது அது சரியாக இரண்டு நிமிடம் பதினொரு விநாடி ஓடியது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டிருந்தான் சுவக்கின். எந்தப் பாட்டையும் அவன் அப்படித்தான் கேட்பான். அதே இசைத்தட்டைத்தான் இப்போது கண்டிப் பக்கத்து அம்பிட்டியவில் தன் வீட்டு மேசையில் வைத்துப் போட்டான். பிளேயரும் அதேதான், பெட்டிபோல மூடித் தூக்கிக்கொண்டு போகிற அவனுடைய சின்ன பிளேயர். இரண்டு பதினான்கு. கடைசி மேளச் சத்தம் அடங்கிய பிறகும் ஊசி உள்ளே போக இன்னும் இடம் இருந்தது. அந்த மூன்று விநாடியில் பாட்டு இல்லை. ஓர் அறை இருந்தது. ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்போது காதை வந்து அடைக்குமே ஒரு சத்தம், அது.

அங்கே பற்றரியில் ஓடியது, இங்கே கரண்டில் ஓடுகிறது, அதுதான் வித்தியாசம் என்று அவன் முடிவுகட்டினான். தனக்கு விளங்காத ஒன்று உலகத்தில் இருப்பதை சுவக்கின் என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை.

இந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். வயது ஐம்பத்துநாலு. அலுவலகமொன்றில் லிகிதராக இருந்து நேரத்தோடு ஓய்வு எடுத்தவன். மறந்துபோன அவுஸ்திரேலிய பொப், ரொக் இசைத்தட்டுகள் என்றால் இலங்கையில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்பது அவன் கட்சி. அது உண்மைதான், வேறு யாரும் அதற்குப் போட்டிக்கு வரவில்லை. அறுபதுகளில் கண்டியிலிருந்த, வெள்ளைக்கார வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் பல மெல்பர்னுக்கும் பேர்த்துக்கும் போய்ச் சேர்ந்தன. போனவர்கள் இங்கே மிஞ்சிய சொந்தங்களுக்கு டிசம்பரில் நத்தாருக்கு நத்தார் பார்சல் அனுப்பினார்கள். கேக், காலுறை, அவற்றோடு இரண்டு மூன்று தட்டுகள். அங்கே ஏதோ ஒரு சின்னப் பட்டணத்துப் பொடியன்கள் சேர்ந்து பாடி, முந்நூறு பிரதி அடித்து, அந்த ஊர்க்காரர்களே குப்பையில் போட்டுவிட்ட பாட்டுகள் கடுகண்ணாவையிலும் புசல்லாவையிலும் அலுமாரிக்குள் கிடந்தன. சுவக்கின் பஸ் ஏறிப் போய் அவற்றைத் தேடிப் பிடித்தான்.

வைத்திருந்தவர்களை மதித்தானா என்றால், துளியும் இல்லை. பூச்சாடிக்கு அடியில் தட்டு வைக்கிற கழுதைகள் என்பான். தட்டுக்குள் மணிக்கூடு பொருத்திச் சுவரில் மாட்டியிருந்த சாப்பாட்டுக் கடை ஒன்று டவுனில் இருந்தது. அதற்காகவே அந்த வீதியால் போவதை விட்டான். பழைய சாமான் விற்கும் ஹாஷிம் ஒருமுறை எல்லாம் பாட்டுத்தானே என்று சொல்லிவிட்டான், அன்றோடு அவனோடும் பேச்சு நின்றது. உலகத்தில் அவன் இளப்பமாகப் பார்க்காத ஒரே ஆள் அவன் மனைவி ஜெஸ்மின். இருபத்தாறு வருடமாக அந்த முகச்சுளிப்போடு ஒரே வீட்டில் இருக்கிறவள். அவளும் போய்விட்டால் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றித் தரக்கூடத் தனக்கு ஆள் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயம் அவனுக்குள் எப்போதும் இருந்தது. அதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

இந்தத் தட்டு அவுஸ்திரேலியாவில் பலரட் பக்கத்துப் பொடியன்கள் ஐந்து பேருடையது. ‘த ட்ரை கிரீக் ஃபைவ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த ஒரே தட்டோடு காணாமல் போனவர்கள். உலகத்தில் இன்னும் ஒரு பிரதிதான் இருப்பதாகக் கேள்வி, அதுவும் இரண்டாக உடைந்தது. மறந்த பாட்டுகளைத் தேடி மறுபடி வெளியிடுகிற மெல்பர்ன்காரர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார்: லேபல் சுத்தமாக இருந்தால் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு, அதையே புது உறையில் அச்சடித்து, கண்டெடுத்தவர் என்று உன் பெயரைப் போடுகிறேன். அந்தச் செய்தியை சுவக்கின் நாளுக்குப் பத்துத் தடவை எடுத்துப் பார்த்தான்.

லேபல் சுத்தமாக இல்லை. அந்தக் காலத்தில் கண்டியில் வீட்டுக்கு வீடு நடனம் நடக்கும், ஆளுக்கு நாலு தட்டு தூக்கிக்கொண்டு போவார்கள், கலைந்து போகும்போது தன்னுடையது தனக்கே திரும்ப வேண்டும் என்று லேபலில் பெயர் எழுதி வைப்பார்கள். இதில் ஐந்து பெயர் இருந்தது, ஐந்து கையெழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக. டெரிக், பேர்ல், சிரில், மொரீன். நாலையும் கோடு போட்டு வெட்டியிருந்தது. அடியில் வெட்டாமல் மதலேனா.

முதல் நாலும் டீச்சரின் வீட்டில் முன்பு இருந்த பறங்கிக் குடும்பம். கடைசியாக மிஞ்சிய மொரீன் வீட்டுச் சாவியோடு இந்தத் தட்டையும் டீச்சரின் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். தட்டைத் தரும்போது டீச்சர் ஒரு பேனையையும் நீட்டினார்.

“தம்பி, மொதல்ல உங்க பேர எழுதுங்க. அப்புறமா என் பேர வெட்டுங்க. பேரில்லாம மட்டும் வெச்சிராதீங்க.”

வீட்டில் போய் எழுதுகிறேன் என்றான். எண்பது வயதில் மூளை கழன்றுவிட்டது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டான். லேபலில் பெயர் இருந்தால் தட்டின் தரம் இரண்டு படி இறங்கும் என்று தெரியாத ஜென்மம். வீட்டுக்கு வந்ததும் பஞ்சில் லைட்டர் பெற்றோலைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து பெயரையும் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தான். கண்டியில் இதை அவனைப்போலச் செய்ய ஆள் கிடையாது. லேபல் நேற்று அச்சடித்ததுபோல வெளுத்து வந்தது.

அதன் பிறகு போட்டபோதுதான் அந்த மூன்று விநாடி.

மறுநாள் இரண்டாவது தடவை போட்டான். மழை பிடித்துக்கொண்ட பகல், ஜன்னலில் மூடுபனி, பத்து மணிக்கே லைட் போட வேண்டியிருந்தது. பாட்டு முடிந்து அறைச் சத்தம் வந்தது, மூன்று விநாடி கழிந்தும் நிற்கவில்லை. பலகைத் தரையில் யாரோ சப்பாத்துக் காலோடு நடந்தார்கள். தூரத்திலிருந்து, அவசரமே இல்லாமல். ஆறு அடி. நின்றது. பழைய ஒலிப்பதிவுக் கூடத்தில் எவனாவது மைக்கை நிறுத்த வந்திருப்பான், மடையன்கள், ஒலிநாடாவை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று சுவக்கின் வாய்விட்டுச் சொன்னான். ஊசியைத் தூக்கித் திரும்ப ஆரம்பத்தில் வைத்தான். மூன்றாவது தடவை கதிரை ஒன்று இழுபட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஈரமான தொண்டையால் ஒரு மூச்சு. அவனுக்குத் தன் அறையிலேயே பெற்றோல் வாடையோடு இன்னொரு வாடையும் அடித்தது, நெடுங்காலம் பூட்டியிருந்த அலுமாரியைத் திறந்ததுபோல.

நாலாவது தடவை போட்டிருக்கவே கூடாது. போட்டான். தட்டுக்குப் பயந்தவன் என்று தன்னைப் பற்றித் தானே நினைப்பதைக்கூட அவனால் பொறுக்க முடியவில்லை.

கதிரையில் இருந்தது பேசியது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல், பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிடுவதுபோல. டெரிக். கொஞ்சம் இடைவெளி. பேர்ல். சிரில். மொரீன். மதலேனா. அவன் துடைத்தெடுத்த அதே வரிசை. பிறகு குரல் நின்றது. ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த பெயருக்காக அது காத்திருந்தது.

பின்னால் நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெஸ்மின் குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தாள், கையில் மாவோடு.

“என்னங்க, கூப்பிட்டீங்களா?”

சுவக்கின் ஊசியைத் தட்டிவிட்டான். இல்லை, போ என்று கத்தினான். வாசற்படிக்கு இரண்டு அடி இருக்கும்போது அவள் நின்று, இந்த மனுசனுக்கு என்ன பிடித்திருக்கிறது என்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவன் டீச்சருக்குப் போன் எடுத்தான். பாட்டைப் பற்றி ஏதோ கேட்பதுபோல ஆரம்பித்தான். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேர எழுதிட்டீங்கதானே என்று மட்டும் கேட்டார். எழுதிவிட்டேன் என்றான் சுவக்கின். வாயில் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கே அதிசயமாக இருந்தது. பெயர் எழுதாமல் விட்டால் என்ன என்று, சும்மா சிரித்துக்கொண்டே கேட்டான்.

“பேரு இருந்தா அது பாட்டுக்கு இருக்கும் தம்பி. நான் முப்பத்தெட்டு வருசம் வெச்சிருந்தேனே. பேரில்லாட்டி கூப்பிடும். கூப்பிட்டு, யாரு முன்னால வந்து நிக்கிறாங்களோ, அவங்கதான்.”

அவங்கதான் என்றால் என்ன என்று அவன் கேட்கவில்லை.

பேனை மேசையில்தான் இருந்தது. எழுதியிருந்தால் அரை நிமிட வேலை. ஆனால் படம் இன்னும் எடுக்கவில்லை; மழை இருட்டில் எடுத்தால் லேபல் கறுத்துப்போகும், எழுதிவிட்டுத் துடைத்தால் மறுபடி அதே கதைதான். நாளைக்கு வெயில் வரும், எடுத்து அனுப்பிவிட்டு எழுதுவோம் என்று நினைத்தான். தட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதுவரை யார் கூப்பிட்டாலும் போகாதே என்று ஜெஸ்மினிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாப்பிடும்போது இரண்டு தடவை வாயைத் திறந்தான். ஒரு கிழவி சொன்னதைக் கேட்டு ஐம்பத்துநாலு வயது ஆம்பிளை பயப்படுகிறான் என்று அவள் சிரித்துவிடுவாளோ என்றிருந்தது. உப்பு கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டு எழுந்தான். ஒரு மனிதனுடைய கர்வம் இவ்வளவு அற்பமாகவும் இருக்கும்.

மறுநாள் மூன்று மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தது. சுவக்கின் தட்டையும் போனையும் எடுத்து, பேனையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். மதிலின்மேல் வெள்ளைத் துணி விரித்து, தட்டை வைத்து, சாய்த்து, நிமிர்த்தி, பன்னிரண்டு படம் எடுத்தான். எதிர் மலையில் பனி விலகி வீடுகள் தெரிந்தன. கீழே பேராதனைப் பக்கம் போகிற பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. குசினியில் ஜெஸ்மின் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரை ஒன்றுமில்லை என்று அவன் அதையே பிடித்துக்கொண்டிருந்தான்.

நல்ல படம் எது என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தான்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பைப்பை மூடியிருப்பாள். அவ்வளவுதான். ஏழாவது படம் நன்றாக இருந்தது.

வீட்டுக்குள் பாட்டு ஆரம்பித்தது.

முதல் கிட்டார், மேளம், ஐந்து பொடியன்களின் மெல்லிய குரல். தட்டு அவன் முன்னால் மதிலில், வெயிலில் கிடந்தது. உள்ளே பிளேயரில் ஒன்றும் இல்லை. அவனுக்கு அது தெரியும். அந்த நேரத்தில்கூட அவன் விரல் ஏழாவது படத்தை அமர்த்தி, அனுப்பு என்பதை அமர்த்தியது. போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தான். போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகுதான் சட்டைப்பையில் பேனையைத் தேடினான். தட்டை எடுத்தான். லேபலில் பேனையை வைத்தான்.

அவன் துடைத்த இடம் காலியாக இல்லை. நடுவில், ஈரம் காயாத நீல மையில், ஒரு பெயர். அந்தக் கையெழுத்தில்தான் இருபத்தாறு வருடமாகக் கடைச் சாமான் துண்டு வரும்.

“ஜெஸ்மின்,” என்று வாய்விட்டு வாசித்தான்.

பாட்டு முடிந்தது.

ஓடினான். ஒரு செருப்பு முற்றத்திலேயே கழன்றது. நடை. வாசற்படி. அறை.

பிளேயர் மூடியபடி இருந்தது. அதன் முன்னால் அவனுடைய கதிரையில் ஜெஸ்மின் உட்கார்ந்திருந்தாள், ஈரக் கை இரண்டையும் மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி. கண் திறந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. குரல் வந்தது. டெரிக். பேர்ல். சிரில். மொரீன். மதலேனா. ஜெஸ்மின்.

நின்றது.

அவன் அவளை உலுக்கினான். தோள் குளிர்ந்திருந்தது. அழுதான், வெட்கம் இல்லாமல், நான் சொல்லியிருக்கணும், நான் சொல்லியிருக்கணும் என்று. முழங்காலில் விழுந்து அவள் நெஞ்சில் காதை வைத்தான்.

உள்ளே இதயம் அடிக்கவில்லை. பாட்டு முடிந்த தட்டில் ஊசி சும்மா சுற்றும்போது வருமே, அந்தக் கரகரப்பு. சுற்றுக்கு ஒரு டிக். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து, அந்தத் தட்டு சுற்றுகிற அதே வேகம்.

டிக்.

அவள் தலை மெதுவாகக் குனிந்து அவனைப் பார்த்தது.

டிக்.