வாசற்படி தாண்டாத கால்

அலறியது நெங்கா!

கலைப் பூங்காவின் காவலாளி. இருபது வருஷமாகப் பேய் முகமூடிகளுக்கு நடுவே ரோந்து சுற்றியவன்... இன்று பட்டப்பகலில் குழந்தை மாதிரி கத்தினான். பக்கத்து மேடையில் ஒத்திகை. வெண்கல வாத்தியங்கள் அந்த அலறலை அப்படியே விழுங்கிவிட்டன.

முகமூடிக் கூடத்தின் தரையில் நடனக்காரர் சுகர்சா கிடந்தார். கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி இறுகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் மெர்த்தா வந்தார். நெங்காவின் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தார்.

அது போதும் அவருக்கு. விலங்கு விழுந்தது!

காபிக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தாள் நெங்காவின் மனைவி ரஸ்மினி.

"சாவி வெச்சிருக்கிறவன்லாம் கொலைகாரனா சார்? அப்ப பாங்க் மேனேஜர்லாம் திருடனா?"

"நேத்து சுகர்சாவோட உன் புருஷன் சண்டை போட்டானாமே?"

"யார் சேவல் நல்லா சண்டை போட்டுச்சுன்னு சண்டை. ரெண்டு சேவலும் தோத்துப் போச்சு சார்!"

"ரஸ்மினி, நான் எதுவும் பண்ணல..."

"நீ வாய மூடு. கோழி கழுத்த அறுக்கவே உனக்குக் கை நடுங்கும்."

பேச்சு தைரியம்தான். ஆனால் கண் வெளியே நின்ற ஜீப்பையே பார்த்தது. புருஷன் ஜீப்பில் ஏறிவிட்டால் திரும்பி வர எத்தனை வருஷம்?

சட்டென்று ஒன்று உறைத்தது.

"சார்... சுகர்சா செத்தது யாருக்கெல்லாம் தெரியும்?"

"இங்க இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். சாயங்காலம் ஆட்டம் இருக்கு. கூட்டம் கூடிடும்னு கதவ மூடிட்டேன்."

"அவர் தம்பி லானுஸுக்கு?"

"இனிமேதான் சொல்லணும்."

"சொல்லாதீங்க! காலைல பூஜைக்கு எல்லாரும் பூங்காக் கோயிலுக்குள்ள போனோம். அவன் மட்டும் வாசல்லயே நின்னுட்டான். கேட்டா கால் வலியாம். அப்புறம் என் கடைக்கு ஓடி வந்து நாலு வாழைப்பழ பஜ்ஜி தின்னான்!"

"அதனால?"

"இன்னிக்கு சூனியக்காரி ராணி வேஷம் அவன் அண்ணனுக்கு. அண்ணன் இல்லேன்னா அவனுக்கு. அது சாமி முகமூடி, கூடத்துல இல்ல, கோயிலுக்குள்ள இருக்கு. ஆடுறவன்தான் உள்ள போய் எடுக்கணும். எடுக்கச் சொல்லிப் பாருங்க."

மெர்த்தா இந்த ஊர்க்காரர்தான். அவர் கண்கள் மெதுவாகச் சுருங்கின.

நெங்காவை ஜீப்புக்குப் பின்னால் மறைத்துவிட்டு ஆளனுப்பினார். லானுஸ் வந்தான். தலைப்பாகை, காதில் செம்பருத்தி, முகத்தில் சிரிப்பு.

"என்ன சார், பூங்காவுல போலீஸ்?"

"சும்மா, பந்தோபஸ்து. உங்க அண்ணன இன்னும் காணோம். நீங்கதான் ஆடணுமாம். போய் முகமூடிய எடுத்துட்டு வாங்க."

பத்து வருஷம் ஏங்கிய வேஷம்!

கோயில் வாசல் வரை கிட்டத்தட்ட ஓடினான். வலது காலைத் தூக்கினான்.

கால்... அந்தரத்தில் நின்றது.

"போண்ணே," என்றாள் ரஸ்மினி. "கால் வலியா?"

"ஆ... ஆமா. நீ போய் எடுத்துட்டு வாயேன்."

"நான் தொட்டா ஊரே என்ன அடிக்கும். போ!"

நெற்றியில் வியர்வை வழிந்தது. உள்ளே சாமி. காலடியில் படி.



தூக்கிய கால் மெல்லப் பின்னால் இறங்கியது.

"முடியாது. எனக்குத் தீட்டு."

"அப்படியா? வீட்ல யார் செத்தா?" மெர்த்தா கேட்டார்.

"அண்ண..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். ரொம்ப லேட்!

"நாங்க யாருக்குமே சொல்லலையே லானுஸ்!"

அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "பொணத்த நாளைக்குத்தான் பாப்பாங்கன்னு நெனச்சேன் சார். அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது, தீட்டும் ஒட்டாதுன்னு... ஆனா எனக்குத் தெரியுமே! சாமி எதிர்ல எப்படிப் போய் நிப்பேன்?"

விலங்கு கை மாறியது. நெங்கா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அவள் அப்போதுதான் அழுதாள்... கொஞ்ச நேரம்.

மெர்த்தா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அண்ணனக் கொல்லத் துணிஞ்சவன், ஒரு படிய தாண்டப் பயந்துட்டானேம்மா!"

ரஸ்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப பக்திமான் சார். கொலையெல்லாம் கோயிலுக்கு வெளியதான் பண்ணுவான்!"