மூலையில் ஒரு எண்

உத்திரமேரூர் பஸ்ஸிலிருந்து ஜெயப்பிரியா கல் குவாரி வாசலில் இறங்கியபோது நல்ல வெயில். கல்லுடைக்கும் கிரஷரை இயக்கும் கேபினில் அவளுக்கு அன்று முதல் நாள். ஃபோர்மேன் கோபால் ஒரு நாற்காலியைக் காட்டி, முன்பு இதை ஓட்டிய தினேஷ்குமார் உட்கார்ந்த இடம் என்றார். மூன்று மாதம் முன்பு, தொழிலாளி பீட்டர் கிரஷர் வாய்க்குள் நின்று கம்பியால் கல்லெடுக்கும்போது தினேஷ்குமார் அதை ஓட்டிவிட்டான். பீட்டர் பிழைக்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதி தினேஷ்குமாரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

கவனம் எங்கே போனதென்று ஒரு மணி நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. லாரி எடை, பெல்ட் ஓட்டம், போனில் வரும் ஆர்டர், எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும். இருபது கட்டம், இருபதும் சிவப்பாக மினுங்கின. லாரி எடை உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. கிரஷருக்குள் எத்தனை பேர் என்பது மட்டும் மூலையில் கடுகளவு. உள்ளே போகிறவர் அட்டையைக் காட்டினால் அந்த எண் ஏறும், வெளியே வந்து காட்டினால் இறங்கும். இதை வரைந்த மகராசன் ஒரு நாளாவது இங்கே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாமா? பழி மட்டும் தினேஷ்குமார் தலையில். சும்மா மினுங்கிய கட்டங்களின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினாள்.

மதியம் கல் சிக்கி கிரஷர் நின்றது. வெல்டர் டேனியல் உள்ளே இறங்கினார்.

சத்தம் அடங்கியது. கல்தூசி மெல்லப் படிந்தது. புழுங்கிய கேபினுக்குள் சில்லென்று ஒரு காற்று, கூடவே ஈர இரும்பு வாடை.

டக்.

நின்றுபோன கிரஷருக்குள்ளிருந்து.

டக். டக்.

மூலையில் எண் 2.

லாரிகள் ஹாரன் அடித்தன. போன் அலறியது. கோபால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். டேனியல் அப்போதே சாப்பிடப் போயாச்சு, எண் பழுது, ஓட்டு என்றார்.

"உள்ள ரெண்டு பேர் கீறாங்கண்ணா."

"பேஜார் பண்ணாத. வேல வேணுமா, வேணாவா?"

அவர் கை நீண்டது. அவள் ஸ்டார்ட் சாவியைப் பிடுங்கி முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"வேல போனா போட்டும். தர மாட்டேன்."

அப்போது கிரஷர் வாயில் ஒரு கை தெரிந்தது. டேனியல். நொண்டியபடி ஏறி வந்து அட்டையைக் காட்டினார். கால் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டதாம், கத்தியும் ஒருவருக்கும் கேட்கவில்லையாம். பக்கத்தில் நின்றவர்தான் விடாமல் கம்பியால் தட்டினாராம்.

"யாரு?" என்றார் கோபால்.

"தூசில மூஞ்சி தெரில."

அன்று உள்ளே இறங்கியது டேனியல் ஒருவர்தான்.

எண் 1.

ஜெயப்பிரியா கோபால் பக்கம் திரும்பினாள். சாவியை மட்டும் விடவில்லை.

"இன்னும் ஒருத்தர் உள்ள கீறாரு. மொதல்ல இந்தத் திரைய மாத்துங்க. அதுவரைக்கும் இது ஓடாது."

டக், என்றது கிரஷர்.