முதலிலிருந்து கேட்டது

இணைய வயரைப் பிடுங்கிய பிறகும் ஒருவர் இணைப்பில் இருந்தார்.

மேகலா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலக மீட்டிங் திக்கித் திக்கி ஓடியதால், வீட்டு இணையத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியின் வயரை மட்டும் கழற்றி வைத்திருந்தாள். மீட்டிங் முடிந்து மாட்ட வந்தபோது, பெட்டியோடு சேர்த்திருந்த திரையில் ஜெர்மனி, பிரேசில், மும்பை என்று காலையில் வரிசையாக நின்ற இணைப்புகள் எல்லாம் மறைந்திருந்தன. மறைய வேண்டியவைதான். கடைசி வரி மட்டும் பச்சையாக நின்றது. ஊர் இல்லை. பெயர் இல்லை. வயரின் நுனி அவள் கையில் இருந்தது.

முதஸ்ஸிருக்கு போன் செய்தாள். ஆழ்வார்பேட்டை அலுவலகத்தில் அவளோடு வேலை பார்ப்பவன். இந்தப் பெட்டியை எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான்.

"இன்னா மேகலா, ஸ்க்ரீன் ஹேங் ஆயிருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

செய்தாள். பெட்டி உயிர்பெற்று, உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கியது. மெல்லிய ரீங்காரம். வயர் இன்னும் தரையில்தான் கிடந்தது. பச்சை வரி வந்து நின்றது.

அது பிட்காயின் ‘நோட்’, அந்த வலைப்பின்னலின் ஒரு கணு. அதில் பணம் எதுவும் வராது. பிட்காயினில் உலகம் முழுக்க நடந்த கொடுக்கல் வாங்கல் அத்தனையையும் முதல் நாளிலிருந்து பிளாக் பிளாக்காக, கட்டுக் கட்டாக, ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கும். தப்பு இருக்கிறதா என்று தானே சரிபார்க்கும். புதிதாக வரும் இன்னொரு நோட் கேட்டால், முதல் பிளாக்கிலிருந்து இன்றைய பிளாக் வரை வரிசை தவறாமல் எடுத்துக் கொடுக்கும். யாரையும் நம்ப வேண்டாம், நீயே சரிபார்த்துக்கொள் என்பதுதான் இதன் தத்துவம் என்று முதஸ்ஸிர் சொன்னபோது மேகலாவுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. போன வருடம் அவளுக்கு உடம்பு சரியில்லை. கேஸை மூடினோமா என்று பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருவாள்; பார்த்துவிட்டுப் போய், மறுபடி வருவாள். அடையாறு டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு மீண்டு வந்திருந்தாள். தனக்குப் பதிலாக ஒரு இயந்திரம் சலிக்காமல் சரிபார்த்துக்கொண்டிருக்கும் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

பச்சை வரியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த முனையில் இருப்பது புது நோட். கையில் எதுவும் இல்லாதது. முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தது.

திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் இருந்தது அவர்கள் ஃப்ளாட். கணவன் சூர்யா தி. நகரில் அவனுடைய பெரியப்பாவின் ஜவுளிக்கடையில் இருந்தான். தீபாவளி சீசன் என்பதால் அவன் வீட்டில் இருக்கும் நேரமே குறைவு. மேகலா வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகள் துருவேறி, மழைக்கு முந்தைய புழுக்கத்தில் சுவர்கள் வியர்த்து, துணி காயாத வாடை வீடெங்கும் நிற்கும் ஐப்பசி மாதம். பெட்டி இருந்த உள்ளறையில் அந்த வாடையோடு இன்னொன்றும் சேர்ந்திருந்ததை அந்த வாரம் கவனித்தாள். பச்சைக் குழந்தையின் தலை மணம். பாலும் வசம்பும்.

பக்கத்து வீட்டில் குழந்தை இல்லை.

ஒரு மத்தியானம், மழை பிடித்து வீடு இருட்டிக்கொண்டு வந்தபோது, உள்ளறையிலிருந்து சிணுங்கல் கேட்டது. பூனை என்று நினைத்துப் போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. டைல்ஸ் தரையில், பெட்டி இருந்த மேஜைக்குக் கீழே, ஈரமாக ஒரு காலடி. அவள் உள்ளங்கையை விடச் சின்னது. விரல்களின் தடத்தில் கடல் மணல் ஒட்டியிருந்தது.

துடைத்தாள். சூர்யாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பான், அப்புறம் மாத்திரை டப்பாவைப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

காலடிகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

அடுத்த வாரம் அந்தக் குரல் வந்தது. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் ஒரு சிறுமி வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ராகம் போட்டு, மூச்சு விடாமல், குப்பத்துப் பிள்ளைகள் கார்ப்பரேஷன் பள்ளியில் ஒப்பிக்கிற மாதிரி. ஏழாம் வாய்ப்பாடு. ஏழாறு நாற்பத்திரெண்டு. ஏழேழு நாற்பத்தொன்பது. மேகலாவின் உதடுகள் அவளையறியாமல் கூடவே அசைந்தன.

"ஏழெட்டு ஐம்பத்தி நாலு."

கத்தி கையிலிருந்து நழுவியது.

அது அவள் தப்பு. அவள் மட்டுமே செய்த தப்பு. அதற்காக டீச்சர் முழங்காலுக்குக் கீழே அடித்த தழும்பை, வலையில் சிக்கிக் கிழித்தது என்று அம்மாவிடமே பொய் சொல்லியிருக்கிறாள். மீன் விற்று அவளைப் படிக்கவைத்த அம்மா முத்தம்மா அது தெரியாமலே செத்துப்போனாள். வேறு யாருக்கும் தெரியாது.

உள்ளே ஓடினாள். அறை காலி. திரையில் பச்சை வரி. வாங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் கால்பங்குகூட ஆகவில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். டிஸ்க் முனகி நின்றது. வீட்டில் மழைச் சத்தம் மட்டும்.

பிறகு, மிக அருகில், "ஏழெட்டு ஐம்பத்தி நாலு."

"ஏழெட்டு ஐம்பத்தி நாலு. ஏழெட்டு ஐம்பத்தி நாலு."

நிற்கவில்லை. அன்று சாயங்காலம் வரை நிற்கவில்லை. காதில் பஞ்சு வைத்தாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே அதே வரி, அதே ராகம், கொஞ்சம் கொஞ்சமாக அழுகை கலந்து, அடுத்த வரி கிடைக்காத குழந்தையின் பீதியோடு. விளக்கேற்றும் நேரத்துக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. போய் பிளக்கைச் செருகினாள்.

"ஏழொன்பது அறுபத்தி மூணு," என்றது குரல், நிம்மதியாக.

அதன் பிறகு அவள் பெட்டியை நிறுத்தவில்லை. தான் வளர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளறையில் தேங்காயெண்ணெயும் கனகாம்பரமும் மணத்தன. "எம்மா, நீ கூடையத் தூக்கிக்கினு ஸ்கூலாண்ட வராத, அல்லாரும் சிரிக்கிறாங்க," என்று ஒரு பெண் கத்தினாள். அந்த வார்த்தைக்காக மேகலா இன்றைக்கும் வெட்கப்படுகிறாள். கல்லூரி வந்தது. சூர்யாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன நாளின் அழுகை வந்தது. ஒவ்வொன்றும் வரிசை தவறாமல். சூர்யா வீட்டில் விழித்திருக்கும்போது மட்டும் அறை மௌனமாக இருந்தது.

"ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று சூர்யா கேட்டான். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"இல்ல."

"அந்தப் பொட்டியவே பாத்துட்டு உக்காந்திருக்க, மேகலா. சோறு தொடவே இல்ல. டாக்டர ஒரு தடவ பாத்துட்டு வந்துருவமா?"

"தீபாவளி முடியட்டும்."

தீபாவளி முடிந்தது. சூர்யாவுக்குக் கடை லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலிலேயே படுத்துத் தூங்கிப்போனான். மேகலா உள்ளறை வாசலுக்குப் போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் கேஸ் குமிழைத் திருகும் ஒலி. அந்த அறையில் அடுப்பே கிடையாது. டக். டக். மறுபடி டக். கூடவே முணுமுணுப்பு: மூடிட்டேன், மூடிட்டேன், மூடிட்டேனா.

போன வருடம்.

இன்னும் கொஞ்சம்தான். இன்றைய நாளைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தொடக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. நிறுத்தினால் இந்த முணுமுணுப்பு இங்கேயே தங்கிவிடும். பெட்டியில் இருப்பதை அடியோடு அழித்துவிட வேண்டும். முதஸ்ஸிருக்கு அது தெரியும்.

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, சூர்யாவை எழுப்பாமல் கிளம்பினாள். ஆட்டோவில் மடியில் வைத்திருந்த பெட்டி சூடு ஆறாமலே இருந்தது. வானம் கறுத்துத் தொங்கியது. ஆனால் ஆழ்வார்பேட்டை வரும்வரை ஒரு துளி விழவில்லை. அலுவலகப் படி ஏறும்போதுதான் பின்னால் சோவென்று கொட்டத் தொடங்கியது.

லீவு நாள். மாடியில் ட்யூட்டி பார்த்துக்கொண்டு முதஸ்ஸிர் மட்டும் இருந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தான்.

"இதுல இருக்கறத அழிச்சிடு முதஸ்ஸிர். இப்பவே."

"அழிச்சிடலாம். அதுக்கு ஆன் பண்ணித்தான ஆவணும்."

டிஸ்க் சுழன்றது. திரை வந்தது. இணைய வயர் எதுவும் மாட்டவில்லை. பச்சை வரி.

"இன்னாது இது?" முதஸ்ஸிர் குனிந்தான். "யாருக்கோ போய்க்கினே இருக்கு. கிட்டத்தட்ட முடியப்போவுது."

அவள் போன் அடித்தது. சூர்யா, வீடியோவில். தூக்கம் கலைந்த முகம், கலைந்த தலை.

"எங்க போயிட்ட? எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம்."

மேகலா அவனைத் தாண்டிப் பார்த்தாள். அவன் ஹாலில் சோபாவில் சாய்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் உள்ளறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் ஒருத்தி நின்றாள்.

மஞ்சள் நைட்டி. போன வருடம் அவள் கிழித்தெறிந்த நைட்டி. குழி விழுந்த கண்கள். விரல்கள் காற்றில் எதையோ திருகிக்கொண்டிருந்தன.

"சூர்யா. வெளிய வா. வீட்ட விட்டு வெளிய வா."

"என்ன? கட்டாகுது. சரியா கேக்கல."

வாசலில் நின்றவள் மாறிக்கொண்டிருந்தாள். நகரவில்லை. நின்ற இடத்திலேயே. கன்னத்தில் சதை ஏறியது. முடி வளர்ந்தது. நைட்டி போய் சுடிதார். தீபாவளிப் புடவை. பிறகு நீலக் குர்தா.

மேகலா குனிந்து தன்னைப் பார்த்தாள். நீலக் குர்தா.

"முடிஞ்சிருச்சு," என்றான் முதஸ்ஸிர். "நம்மகிட்ட இருந்ததெல்லாம் வாங்கிருச்சு. ரெண்டும் ஒண்ணாயிருச்சு."

போனில் இருந்தவள் விரல்களை நிறுத்தினாள். நிமிர்ந்தாள். சூர்யாவின் தோளுக்கு மேலாக, நேராக மேகலாவைப் பார்த்தாள்.

"இரு, இரு." முதஸ்ஸிரின் குரல் மாறியது. "இப்ப அது நமக்குக் குடுக்குது. நம்மகிட்ட இல்லாத பிளாக். நமக்கு அடுத்தது."

"எவ்ளோ?"

"கொஞ்சந்தான்."

போனில் இருந்தவளின் நீலக் குர்தா கறுத்தது. தோளிலிருந்து கீழே, ஈரம். முடி முகத்தோடு ஒட்டியது. நெற்றியோரம் பிளந்தது. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியது. குர்தா மாறவில்லை. அதே குர்தா. அவள் விழவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ்ளோதான்," என்றான் முதஸ்ஸிர். "அதுங்கிட்டயும் இதுக்கு மேல இல்ல."

வெளியே மழை இரைந்தது. மேகலா தன் குர்தாவின் விளிம்பைப் பிடித்தாள். காய்ந்திருந்தது.

"ஹலோ? கேக்குதா?" சூர்யா போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தான். "நேரமாச்சு. வீட்டுக்குக் கிளம்பிட்டியா?"

அவன் தோளுக்குப் பின்னால் இரண்டு கண்கள் திறந்தே இருந்தன. மழைநீர் அவற்றின் மேல் வழிந்தது. இமைக்கவில்லை.