தலைமாட்டுக் கறை

காலையில் அடித்த வெள்ளை மத்தியானத்துக்குள் காய்ந்திருந்தது, அந்த ஒரு இடத்தைத் தவிர.

சுவரை ஒட்டிக் கிடந்த கட்டிலை அவர் நடு அறைக்கு இழுத்துப் போட்டிருந்தார். தலைமாடு இருந்த பக்கம், தலையணை உயரத்தில், இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தாற்போல் ஓர் எண்ணெய்க் கறை. பதினோரு மாதம் அவருடைய மனைவி சுவரோரம் தலைசாய்த்துக் கிடந்ததில் ஊறிய கறை. குளிர் விடுவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். கறை போகவில்லை. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, இரண்டு கை வெள்ளை அடித்த பிறகும் மஞ்சளாக மேலே வந்து ஈரமாக நின்றது. திறந்திருந்த ஜன்னல் வழியே புதுத் துளிர்களின் பச்சை வாசனையும் பெயிண்டின் நெடியும் கலந்து வீச, அவற்றுக்கு அடியில் மெல்லிசாக, தலையெண்ணெயும் மருந்தும் சேர்ந்த அந்தப் பழைய வாசனையும் இருந்தது.

முப்பது வருஷம் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர் அவர். மை எங்கே கசியும், எங்கே நிற்கும் என்பது அவருக்குக் கைப்பாடம். கறையைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சுவரில் வெயில் படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். அப்பாவைத் தனியாக விடக்கூடாது என்று இந்த ஊருக்கே மாற்றல் வாங்கியிருந்தாள். இருக்கும் இன்னோர் அறை அவருடையது. அதனால் இந்த அறை அவளுக்கு.

"எண்ணெய்க் கறை மேல வெறும் வெள்ளை அடிச்சா எப்படி சார் நிக்கும்?" என்று பெயிண்ட் கடைக்காரர் சிரித்தார். "முதல்ல ஆயில் பிரைமர் ஒரு கை அடிங்க. செத்தாலும் வெளிய வராது."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்துக் கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிரைமர் அடித்தார். மறுநாள் காலை தலைமாட்டில் கறை இல்லை. அதற்கு ஒரு முழம் மேலே இருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டிலைச் சுவரோடு தள்ளி, அதில் ஏறி உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார். அவருடைய காதுக்கு நேராக இருந்தது கறை. அவரைவிடக் கொஞ்சம் குள்ளமான ஒருவர் எழுந்து உட்கார்ந்தால் தலை எங்கே படுமோ, சரியாக அங்கே.

கடைசி நாலு மாதம் அவளால் எழுந்து உட்கார முடிந்ததே இல்லை. ஒரு கணம், அந்த ஒரே கணம், 'உட்கார்ந்துட்டாளே' என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகுதான் பயம் வந்தது. பயத்தோடு அழுகையும் வந்தது. தூரிகையைக் கையில் பிடித்தபடி சின்னப் பிள்ளை போல விசும்பினார்.

அந்தக் கடைசி வாரம் அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "பாப்பா வரலையா?"

"லீவு கிடைக்கலையாம்" என்றார் அவளிடம். மகளிடம் போனில், "ஒண்ணும் அவசரமில்ல கண்ணு, மெதுவா வா" என்றார். வரச் சொன்னால் அதுதான் முடிவு என்று ஆகிவிடுமே என்ற பயம். இரண்டு பேரிடமும் சொன்ன பொய் ஒரே வாரத்தில் கல்லாகிவிட்டது. அவள் கடைசி மூச்சு வரை வாசலையே பார்த்திருந்தாள். மகள் வந்து சேர்ந்தபோது அம்மாவின் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். நான் தாமதித்துவிட்டேனே என்று மகள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

மறுபடியும் பிரைமர். மறுபடியும் வெள்ளை.

சனிக்கிழமை கட்டில் பக்கத்துச் சுவர் பளிச்சென்று இருந்தது. கறை கதவோரம் நின்றது. அவர் தோள் உயரத்தில். எவ்வளவோ நேரமாக யாரோ நெற்றியை முட்டுக்கொடுத்துக் காத்து நிற்பது போல. அதிலிருந்து ஒரு சொட்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் கிட்டே போனார்.

"நாளைக்கு வர்றா" என்றார். "என்னை என்ன வேணாலும் பண்ணு. அவகிட்ட மட்டும் சொல்லிடாத. எனக்கு அவளும் இல்லாமப் போயிடுவா."

அவர் தூரிகையை நனைத்து, அந்த நெற்றியின் மேல், மெதுவாக, வலிக்காமல் அடிப்பது போல வெள்ளை அடித்தார். சாயங்காலம் வரை காத்திருந்து பார்த்தார். கறை வரவில்லை. ஞாயிறு காலையிலும் வரவில்லை. நாலு சுவரும் வெள்ளை. வாசனைகூட இல்லை.

மகள் பத்து மணிக்கு வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்து, "எல்லாம் நீங்களே பண்ணீங்களாப்பா?" என்று அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டு, அலுப்பாக இருக்கிறதென்று போய்ப் படுத்தாள்.

அவர் கூடத்து ஜன்னலின் ஆடிய கீலைத் திருகாணி போட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே பேச்சுக் குரல். மகள் ஏதோ கேட்கிறாள். நிறுத்துகிறாள். மறுபடி கேட்கிறாள். போனில் பேசுகிறாளாக்கும்.

மேஜையைப் பார்த்தார். அவள் போன் அங்கே சார்ஜில் கிடந்தது.

திருகாணி கீழே விழுந்து உருண்டது.

கதவு சாத்தியிருந்தது. அதன் வெளியே நின்றார். இனிமேலும் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"பாப்பா…" கதவில் கை வைத்தார். "உங்கம்மா கடைசியா உன்னைத்தான் கேட்டா. வர வேணாம்னு தடுத்தது நான்தான்மா. அவகிட்டயும் பொய் சொன்னேன்."

"தெரியும்பா." அழுது ஓய்ந்த குரல். "இப்பத்தான் அம்மா சொன்னாங்க."

கதவைத் தள்ளினார்.

மகள் கட்டிலின் விளிம்பில், விழுந்துவிடுவது போல, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சுவரோரம் ஓர் ஆள் படுக்க இடம் விட்டிருந்தாள். அங்கே மெத்தை அழுந்தியிருந்தது. காலியான தலையணையில் ஒரு பள்ளம், மகளின் முகத்துக்கு வெகு அருகில்.

"பாப்பா, எழுந்து வா."

அவள் அசையவில்லை.

தலையணை உறை சரசரத்தது. அந்தப் பள்ளம் மெல்ல, மிக மெல்ல, அவர் பக்கம் திரும்பியது.