118ஆம் பக்கத்து மழை

சனிக்கிழமை காலை 10.10. கிள்ளானில் கமலநாதனின் ஆவண அறை.

“117-க்கு அப்புறம் 119 வருது. நடுவுல ஒண்ணு எங்கண்ணே?” என்று கேட்டாள் சந்திரகலா.

கமலநாதன் ஏட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். புக்கிட் செராயா ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், 1962இல் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணிட்டு எழுதிய நாட்குறிப்பு அது. 118ஆம் பக்கத்தை யாரோ அடியோடு கிழித்திருந்தார்கள்.

சந்திரகலா ஷா ஆலத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் துருவுகிறவள். பொய்யை மோப்பம் பிடிப்பதற்குத்தான் சம்பளம். ஓய்வு நேரத்தில், சம்பளமே இல்லாமல், ஓர் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதுகிறாள். அதில் அவள் தொடங்கிய கட்டுரைக்கு ‘புக்கிட் செராயா தோட்ட வேலைநிறுத்தம்’ என்று பெயர். அதைக் ‘கலவரம்’ என்று மாற்றியே தீர வேண்டும் என்று பெயர் காட்டாத ஒருவர் ஒற்றைக் காலில் நின்றார். மாலை ஆறு மணிக்குள் சான்று காட்டாவிட்டால் பெயர் மாறிவிடும்.

கூட வந்திருந்த தனலெட்சுமிக்கு அறுபத்தொன்பது வயது. வேலைநிறுத்தத்தை நடத்திய பெருமாளின் மகள். வேலைநிறுத்தத்தில் சேராமல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களைப் பெருமாள் கத்தி காட்டி விரட்டினார் என்று கிராணி சாட்சி சொல்ல, அவர் ஆறு மாதம் சிறையில் இருந்தார். அந்தப் பழியோடே செத்தும் போனார். இப்போது அது கலைக்களஞ்சியத்திலும் ஏறப்போகிறது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“மழைன்னா அப்பா வீட்டுலதான் இருப்பாரு. எங்களுக்குத் தீபாவளி மாதிரி,” என்றார் தனலெட்சுமி, யாரையும் பார்க்காமல்.

சந்திரகலா கமலநாதனிடம் திரும்பினாள். “இந்த வாரம் யாரெல்லாம் இதத் தொட்டது?”

“ரெண்டே பேரு. நானு, அப்புறம் பிரிக்பீல்ட்ஸ் லாயர் விஜயன். கிராணியோட பேரன், தாத்தாவப் பத்தி புக் போடுறாரு. என்னைச் சந்தேகப்படாதீங்க லா! பதினெட்டு வயசு வரைக்கும் நானே ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவன்.”

11.30. காணாமற்போன பக்கத்தின் படம் இணையத்தில் முளைத்தது. ஏற்றியவர் அதே பெயர் காட்டாத ஆசாமி. கிராணியின் கையெழுத்து அச்சு அசலாக இருந்தது.

‘விடியற்காலை முதல் ஓயாத மழை. ஏழு மணிக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களைப் பெருமாள் கத்தியோடு விரட்டினான். பெருங்கலவரம்.’

கடைசிச் சொல்லைப் பார்த்ததுமே தனலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்திரகலா முதல் வரியை மூன்று முறை படித்தாள். பிறகு கார் சாவியை எடுத்தாள்.

மாலை 4.20. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, விஜயனின் அலுவலகம். வெளியே போயிருந்தவர் திரும்பும்வரை சந்திரகலாவும் தனலெட்சுமியும் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள்.

“அந்தப் படத்த ஏத்தினது நீங்கதான்.”

“ப்ரூஃப் இருக்கா?”

“நீங்க எங்க வளர்ந்தீங்க?”

“பெட்டாலிங் ஜெயா. ஏன்?”

“அதான். மழையில யாரும் பால் வெட்ட மாட்டாங்க சார். பட்டை நனைஞ்சா பால் வெட்டின கோட்டுல நிக்காது, மரமெல்லாம் வழிஞ்சு வீணாப்போகும். முப்பது வருசம் கிராணியா இருந்தவரு இப்படி எழுதுவாரா? கமலநாதன் அண்ணனும் எழுத மாட்டாரு, அவரு மரம் வெட்டினவரு. பாக்கி நீங்க ஒருத்தர்தான்.”

விஜயன் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

“அப்புறம் மழை எப்படி வந்துச்சு? உண்மையான பக்கத்துல அந்த முதல் வரி இருந்திருக்கு. அசல் மாதிரி தெரியட்டும்னு அத மட்டும் அப்படியே எழுதிட்டு, மத்தத மாத்திட்டீங்க.”

விஜயன் இழுப்பறையைத் திறந்தார். கிழித்த பக்கத்தை எடுத்து நீட்டினார்.

“எரிக்கத்தான் எடுத்தேன். தாத்தா கையெழுத்து... மனசு வரல.”

‘விடியற்காலை முதல் ஓயாத மழை. பால் வெட்டு இல்லை. பெருமாளும் நாற்பது பேரும் ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்று கூலி உயர்வு கேட்டார்கள். யார் கையிலும் கத்தி இல்லை. வேறு மாதிரி சாட்சி சொல்லும்படி தோட்டத் துரை உத்தரவு. பிள்ளைகளை நினைத்துச் சம்மதித்தேன்.’

5.48. அசல் பக்கத்தைச் சந்திரகலா இணையத்தில் ஏற்றினாள். கட்டுரையின் பெயர் ‘வேலைநிறுத்தம்’ என்றே நின்றது.

“அப்பா பேரு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார் தனலெட்சுமி.

சந்திரகலா திரையில் தொட்டுக் காட்டினாள். அவர் அங்கிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘யார் கையிலும் கத்தி இல்லை’ என்ற வரியை மட்டும் இன்னொரு முறை, சத்தமாக.

“இனி இத யாராச்சும் மாத்த முடியுமா?”

“மாத்த வரட்டும் ஆன்டி. வந்தா சான்று கேப்போம்.”