குடியிருந்து காட்ட வேண்டிய வீடு

தறிக்குழியை மூடிப் பூசிய இடத்தில் மட்டும் தரை வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ நெடுநேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போன மாதிரி. மத்தியானத்திலிருந்தே இப்படித்தான். இளங்கோவன் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

சொந்த வீட்டில் இந்தப் பாடு! பட்டுக்கடைக்கு வாடகைக்கு விடும் ஆசையில்தான் அங்கே குடியிருந்த நெசவுக்காரப் புவனேஸ்வரியைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். தனக்குக் குடியிருக்க வேறு வீடில்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்தார். நாக்கூசவில்லை. ஜெயித்த பிறகுதான் வக்கீல் குண்டைத் தூக்கிப் போட்டார். "கொஞ்ச மாசமாவது இருந்து காட்டுங்க சார். இல்லாட்டி அந்தம்மா மறுபடி கேஸ் போடும்."

கோர்ட் அமீனா காலி செய்யும் உத்தரவோடு வந்த காலையில் தறியில் கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது.

"முந்தி மட்டுந்தாம்பா பாக்கி இருக்குது. நெய்ஞ்சுக்கினு இருக்கிற பாவு நூலை அறுக்கக் கூடாதுப்பா. நாளைக்கு நானே போயிடறேன்" என்று புவனேஸ்வரி கும்பிட்டாள்.

அமீனாகூடத் தயங்கினார். இளங்கோவன் கத்தியை எடுத்து, விறைத்து நின்ற பட்டிழைகள் அத்தனையையும் ஒரே இழுப்பில் அறுத்தார். அந்தச் சத்தம் அவருக்கு இனித்தது.

இப்போது மழை இருட்டிக்கொண்டு வந்து, கரண்டும் போய், ஈரச் சிமெண்டு வாடைக்குள் எங்கிருந்தோ கஞ்சி போட்ட பட்டின் வாடை கசிய, தரைக்கடியில் யாரோ தறி மிதிக்கிற ஓசை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. ஃபோன் அடித்தது. வக்கீல்.

"சார், அந்தம்மா மத்தியானம் வாலாஜாபாத்ல தவறிடுச்சாம். இனிமே கேஸ் போட ஆளில்ல. நீங்க கிளம்பிடலாம்."

அப்பாடா! சிரிப்பே வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு, அவசரத்தில் வாசலைப் பார்த்து நேராக நடந்தார்.

தரை உள்வாங்கியது. கால்கள் குழிக்குள் தொங்க, தறியில் உட்காருவது போலவே உட்கார்ந்துவிட்டார். பாதங்களுக்கு மிதிகட்டை தட்டுப்பட்டது.

எழ முடியவில்லை.

கெண்டைக்காலில் ஏதோ ஊர்ந்தது. விரல்கள். அறுந்த பாவைச் சேர்க்க நெசவாளர்கள் சாம்பலைத் தொட்டு, இழையோடு இழையாக முறுக்கிப் பிணைப்பார்கள். அப்படித்தான். சாம்பல் தொட்ட விரல்கள் அவர் காலின் ஒவ்வொரு மயிரையும் தேடி எடுத்து, ஒவ்வொரு பட்டிழையோடு முறுக்கின. பொறுமையாக. ஒன்றைக்கூட விடாமல்.

கால் முடிந்தது. மேலே வந்தன. கை. கழுத்து. கண்ணிமை.

கரண்டு வந்தது. அவர் உடம்பிலிருந்து எதிர்ச்சுவர்வரை அரக்குச் சிவப்பில் ஆயிரமாயிரம் இழைகள். அந்தக் கோடியில் யாரோ பாவு நூலை இழுத்துச் சுற்றத் தொடங்கினார்கள்.